நாலாம் வரிசை

ஜாதவ்பூர், கல்கத்தா
6-1-1986

அன்புள்ள ஆண்டாள் அக்காவுக்கு,

தம்பி ஏழுமலை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், அன்னம், பிள்ளைகள் எல்லாரும் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சத்துணவுக் கூடத்தில் புகைக்கு நடுவே நாள் முழுக்க நிற்காதே. ஆயாவை அடுப்பைப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் உட்கார்.

நம் அமலாவின் போட்டோவைக் குருமூர்த்தி சாரிடம் கொடுத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? பலித்துவிட்டது அக்கா! நேற்று லேக் மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். துறைமுகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆன மனுஷர், என் எதிரில் உட்கார்ந்து சரிசமமாகக் காபி சாப்பிட்டார். பையன் சந்தானம் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். தமிழைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும், பிள்ளை தங்கம். "பொண்ணுக்கு அப்பா இல்லேன்னா என்ன, தாய்மாமன் நீங்க இருக்கீங்களே" என்றார் சார்.

தை கடைசி ஞாயிறு திண்டிவனத்துக்கு வந்து நிச்சயம் செய்துகொள்ளச் சம்மதம். மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து வருவது நம் பொறுப்பு. அதை என்னிடம் விட்டுவிடு. சாரும் அவர் மனைவி சுந்தரவல்லி அம்மாளும் ரயிலில் வரப்போவதில்லை, ப்ளேனில் வரப்போகிறார்கள். அதிலும் முன்னால்!

எங்கள் ப்ளேன் கம்பெனியில் புதிதாக ஒரு ஏற்பாடு. முன்பெல்லாம் எல்லாருக்கும் ஒரே சீட், ஒரே காசு. இப்போது முன்பக்கத்து நாலு வரிசையைப் பிரித்து 'எக்ஸிக்யூட்டிவ் கிளாஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டிக்கெட் ஒன்றரைப் பங்கு விலை. உன்னிடம் சொல்வதற்கென்ன, சீட் அதே சீட்தான், அதே ஸ்க்ரூதான். தலை சாய்க்கிற இடத்தில் ஒரு வெள்ளைத் துணி, ஏறியவுடன் கிளாஸில் ஜூஸ், முகம் துடைக்க ஆவி பறக்கிற துண்டு. நாலாம் வரிசைக்குப் பின்னால் ஒரு திரை. அவ்வளவுதான். ஆனால் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்கிறவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இரண்டு முன் டிக்கெட்டும் என் செலவு. என் மாமன் சீரில் அதுதான் முதல். நீ ஒரு பைசா அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புத் தம்பி,
ஏழுமலை


திண்டிவனம்
15-1-1986

என் தம்பி ஏழுமலைக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். பொங்கல் பொங்கியது, உன் கடிதமும் அன்றைக்கே வந்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

அமலாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்தாள், மடித்தாள், உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடுகிறாள். இருபத்தேழு வயசுப் பெண், இரண்டு இடம் வாசல் வரை வந்து திரும்பிப்போன பெண். அவள் பாடிக் கேட்டு எத்தனை நாளாயிற்று தெரியுமா? இது நல்லபடியாக முடிந்தால் போதும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

அது என்னடா எக்ஸிக்யூட்டிவ்? எங்களுக்குத் தெரிந்த எக்ஸிக்யூட்டிவ் எல்லாம் கோயில் உண்டியல் திறக்கிற அன்றைக்கு ஜீப்பில் வந்து இறங்குகிற ஆபீசர்தான். அவர் வந்தால் ஊரே எழுந்து நிற்கும். அந்த மாதிரி மரியாதை என்று வைத்துக்கொள்கிறேன். அதே சீட்டுக்கு ஒன்றரைப் பங்கு விலை கேட்கிறவன் சாமர்த்தியசாலி, கொடுக்கிறவனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை!

ஆனால் ஏழுமலை, உனக்கு அவ்வளவு பணம் ஏது? சும்மா ரயிலிலேயே கூட்டி வாயேன். அவர்கள் கேட்டார்களா ப்ளேன்? நீயாகச் சொன்னாயா? சொல்லிவிட்டாய் என்றால் செய்துவிடு, பின்வாங்காதே. நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லை. ஹெட்மாஸ்டர் வீட்டில், பால்காரியிடம், எதிர் வீட்டில், 'என் தம்பி சம்பந்தியை முன் கிளாஸில் அழைத்து வருகிறான்' என்று சொல்லித் தீர்த்துவிட்டேன். பால்காரி, முன்னால் உட்கார்ந்தால் சீக்கிரம் வந்துவிடுவார்களா என்று கேட்டாள்.

அன்னத்துக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

ஆண்டாள்


கல்கத்தா
8-2-1986

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நேற்று சம்பந்தி இருவரும் நல்லபடியாக ஏறிவிட்டார்கள். மாப்பிள்ளை சந்தானம் ரயிலில் முன்பே கிளம்பிவிட்டார்.

ப்ளேனில் சின்னக் குழப்பம் ஏதோ நடந்ததாகக் கேள்வி. அவர்கள் ஏதாவது சொன்னால், புதிதாகச் சேர்ந்த ஏர்ஹோஸ்டஸ் பெண்ணின் தவறு என்று சொல்லிவிடு. எனக்கு டியூட்டி மாற்றிப் போட்டுவிட்டதால் நிச்சயத்துக்கு வர முடியவில்லை. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடுவேன்.

அவசரத்தில்,
ஏழுமலை


திண்டிவனம்
12-2-1986

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? உன் கடிதம் இன்றைக்குத்தான் கிடைத்தது, எல்லாம் முடிந்த பிறகு.

நிச்சயம் நடந்தது. தட்டு மாற்றிக்கொண்டோம். அமலாவைப் பார்த்து மாப்பிள்ளை சிரித்த சிரிப்பு பந்தலுக்கே கேட்டது. என்னை 'மாஷிமா' என்கிறார். அது என்ன என்று கேட்டேன், வங்காளத்தில் பெரியம்மா சின்னம்மாவை அப்படிக் கூப்பிடுவார்களாம். பிள்ளையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் அவருடைய அப்பாவும் அம்மாவும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். சுந்தரவல்லி அம்மாள் இலையில் பாயசத்தைத் தொடவில்லை. பால்காரி சும்மா இருக்கக் கூடாதா, "ஏம்மா, முன்னாடி உக்காந்து வந்தீங்களாமே, எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டாள். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார்கள். குருமூர்த்தி ஐயா மட்டும் நிதானமாக, "இவங்க தம்பி எங்களுக்கு நல்ல மரியாதை பண்ணாரு" என்றார். நாற்பது பேர் கேட்டார்கள்.

நீ வாங்கி அனுப்பிய திரும்புகிற டிக்கெட் இரண்டையும் தாம்பாளத்தில் வைத்துவிட்டு, ரயிலில் போய்விட்டார்கள். வாசலில் காரை மறித்து நின்று கேட்டேன், என்ன தப்பு நடந்தது என்று. "உங்க தம்பி சொல்வார்ம்மா" என்றார்.

சொல். சின்னக் குழப்பம் என்று எழுதியிருக்கிறாய். என்ன குழப்பம்?

அக்கா


கல்கத்தா
20-3-1986

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். நாங்கள் நலம். பெரியவனுக்குப் பரீட்சை, சின்னவளுக்கு ஜலதோஷம். சாயங்காலம் ஆனால் கரண்ட் போய்விடுகிறது. ஹோலிக்கு அக்கம்பக்கத்தில் சாயம் கலக்க ஆரம்பித்துவிட்டார்கள். வெயில் அதற்குள் ஏறிவிட்டது.

நீ கேட்ட விஷயம் வேறு ஒன்றும் இல்லை. அந்தத் திரை ஒரே இடத்தில் நிற்கிற திரை இல்லை. மேலே ஒரு கம்பி, அதில் கொக்கி. அன்றைக்கு முன் டிக்கெட் எத்தனை விற்றதோ அதைப் பார்த்து ஒரு வரிசை முன்னேயோ பின்னேயோ மாட்டிக்கொள்ளலாம். முன்னால் ஆள் குறைவு, பின்னால் கூட்டம் என்றால் திரை முன்னே போகும். எல்லா நாளும் நடப்பதுதான். அன்றைக்குக் கௌஹாத்தியிலிருந்து தாமதமாக வந்தவர்களையும் ஏற்ற வேண்டியிருந்ததால் திரை மூன்றாம் வரிசைக்குப் பின்னால் மாற்றப்பட்டது. நாலாம் வரிசை அந்தப் பக்கம் போய்விட்டது. சம்பந்தி எழுந்திருக்கக்கூட இல்லை. அதே சீட்தான்.

பெரியவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள் என்று நான் நினைக்கவில்லை. வெயிலில் அலையாதே. அமலாவுக்கு என் ஆசி.

ஏழுமலை


திண்டிவனம்
27-3-1986

ஏழுமலைக்கு,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். உன் நலத்தை நீ எழுதித் தெரிந்துகொண்டேன்.

குருமூர்த்தி ஐயாவிடமிருந்து ஒரு கார்டு வந்திருக்கிறது. 'கல்யாணத் தேதியைப் பற்றி இன்னும் கொஞ்சம் யோசித்து எழுதுகிறேன்.' அவ்வளவுதான், வேறு ஒரு வரி இல்லை. வைகாசிக்கு மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. அமலா அந்தக் கார்டை என் கையிலிருந்து வாங்கிப் படித்தாள். அன்றிலிருந்து பாட்டு இல்லை. மூன்றாவது இடமும் போகப்போகிறது என்று அவள் வாய் திறந்து சொல்லவில்லை, எனக்குக் கேட்கிறது.

நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். கொக்கி, கம்பி, கௌஹாத்தி எல்லாம் இருக்கிறது. நான் எட்டாவது வரைதான் படித்தேன், ஆனால் பள்ளிக்கூடத்தில் சோறு போடுகிறவள். வரிசை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். முன் டிக்கெட் வாங்கினவனைத் திரைக்கு அந்தப் பக்கம் விட்டால் அவன் சும்மா இருப்பானா? கம்பெனிதான் விடுமா? அப்படியானால் அவர்கள் கையில் இருந்தது முன் டிக்கெட்டே இல்லை. சரிதானா?

இன்னொன்று. திரை மாற்றப்பட்டது என்கிறாய். அது என்ன, தானாக நடந்து போயிற்றா? யார் மாற்றியது?

அவர்கள் வீடு உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். நான் இங்கே ஆயிரம் மைலுக்கு இப்பால் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறேன். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போய் அவர்கள் எதிரில் நில்லடா.

ஆண்டாள்


கல்கத்தா
4-4-1986

அக்கா,

போனேன். மூன்று தடவை போனேன். மாடிப்படி ஏறினால் உள்ளே சுந்தரவல்லி அம்மாள் பேசுகிற சத்தம் கேட்கிறது. திரும்பி இறங்கிவிட்டேன். வாங்கிய பழத்தைப் பிள்ளைகள் தின்றார்கள்.

நீ கேட்டது சரி. அவை சாதாரண டிக்கெட்டுகள். முன் டிக்கெட்டுக்குக் கணக்குப் பார்த்தேன், முடியவில்லை. கடன் கேட்ட இடத்திலும் கிடைக்கவில்லை. அதற்குள் நீ ஊரெல்லாம் சொல்லிவிட்டதாக எழுதினாய். எங்கள் கவுன்டரில் ஒரு பழக்கம் உண்டு. முன்னால் சீட் காலியாக இருந்தால் வேண்டியவர்களை அங்கே உட்காரவைத்துவிடுவோம். யாரும் கேட்கமாட்டார்கள். கண்டுபிடித்தால் மெமோ. வெள்ளிக்கிழமை முன்னால் காலியாகத்தான் இருக்கும். அந்த நம்பிக்கையில் நாலாம் வரிசை கொடுத்தேன்.

ஐயா கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். அம்மாள் பட்டுப்புடவை. அவர்களுக்கு அது முதல் ப்ளேன். "ஏழுமலை, இதெல்லாம் எதுக்குப்பா" என்று சொல்லிக்கொண்டே சந்தோஷமாக ஏறினார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

பிறகுதான் கௌஹாத்திக் கூட்டம் வந்தது. டியூட்டி ஆபீசர் என்னையும் இழுத்துக்கொண்டு ப்ளேனுக்குள் ஓடினார். "நாலாம் வரிசையைப் பின்னால் சேர்த்துவிடு. நீ துணியை எடு, நான் திரையை மாட்டுகிறேன்" என்றார். வெள்ளைத் துணி முன்வகுப்புக்கு மட்டும்தான் அக்கா. அதை எடுத்தாக வேண்டும். சுந்தரவல்லி அம்மாள் கையில் அந்தச் சூடான துண்டு. அதை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஏர்ஹோஸ்டஸ் வந்து அதையும் ஜூஸையும் வாங்கிக்கொண்டு போனாள்.

ஐயா இங்கிலீஷில் ஆபீசரிடம், நாங்கள் எக்ஸிக்யூட்டிவ் என்றார். ஆபீசர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, சத்தமாக, இது சாதாரண டிக்கெட், உங்களை யார் இங்கே உட்காரச் சொன்னது என்று கேட்டார். சுற்றியிருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐயா என்னைப் பார்த்தார். "ஏழுமலை, என்னப்பா இது?" என்று தமிழில் கேட்டார்.

ஆபீசர் என் பக்கம் திரும்பி, "உனக்குத் தெரிந்தவர்களா?" என்றார்.

நான், "இல்லை சார், பாசெஞ்சர்" என்று சொல்லிவிட்டேன்.

இங்கிலீஷில் சொன்னேன். ஐயாவுக்குப் புரியாமலா இருக்கும்? நான் துணியை எடுப்பதற்குத் தோதாகத் தலையை முன்னால் சாய்த்துக்கொடுத்தார். எடுத்தேன். அவர் முடியில் தடவிய எண்ணெய் அந்தத் துணியில் இருந்தது. திரை அவர்கள் முகத்துக்கு முன்னால் விழுந்தது. நான் இறங்கி வந்துவிட்டேன்.

இதை அன்னத்திடம்கூட நான் சொல்லவில்லை. எனக்கு மெமோ வரவில்லை அக்கா. உத்தியோகம் அப்படியே இருக்கிறது.

ஏழுமலை


திண்டிவனம்
26-4-1986

ஏழுமலைக்கு,

வருஷப் பிறப்பன்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு, அடுப்பை மூட்டாமல் உட்கார்ந்திருந்தேன். சீ என்று இருந்தது. உன்மேல் மட்டும் இல்லை. ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவள் நான்தானே.

குருமூர்த்தி ஐயாவுக்கு நானே எழுதினேன். பொய்தான் எழுதினேன். 'சாதாரண டிக்கெட் எடுத்தால் போதும் என்று நான்தான் அவனைக் கட்டாயப்படுத்தினேன். குற்றம் என்னுடையது. என் பெண்ணைத் தண்டிக்காதீர்கள்' என்று. பிச்சை கேட்பதைப் போலத்தான் எழுதினேன், அதற்கு எனக்கு வெட்கமில்லை.

பதில் வந்துவிட்டது. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

'அம்மா, நீங்கள் உங்கள் தம்பிக்காக எழுதுகிறீர்கள் என்று தெரிகிறது. டிக்கெட் எந்த வகுப்பாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். மெமோவுக்குப் பயப்படுகிறவனையும் எனக்குத் தெரியும், நானும் உத்தியோகம் பார்த்தவன். எங்களைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லையே, அதைத்தான் என் மனைவியால் தாங்க முடியவில்லை. சந்தானம் இந்தப் பெண்ணைத் தவிர வேறு பெண் வேண்டாம் என்கிறான். "பாபா, நான் கல்யாணம் பண்ணிக்கப் போறது ப்ளேனை இல்ல" என்கிறான். வைகாசியிலேயே நடத்துவோம். கோரமண்டல் ரயிலில் செகண்ட் கிளாஸில் எல்லாருக்கும் இடம் போட்டிருக்கிறேன். ஏழுமலைக்கும் எங்கள் பெட்டியிலேயே ஒரு இடம் போட்டிருக்கிறேன். தாய்மாமன் எங்களோடு வரட்டும்.'

படித்தாயா? அமலா இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். வா. அவளுக்கு அப்பா இல்லை. நெற்றியில் பட்டம் கட்டி, மாலை போட்டு, கையைப் பிடித்து மணையில் உட்காரவைக்க வேண்டியவன் நீ. நான் மங்கல காரியத்துக்கு முன்னால் வர முடியாதவள். எனக்கும் சேர்த்து நீதான் நிற்க வேண்டும்.

அக்கா


கல்கத்தா
6-5-1986

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். லீவு கிடைக்கவில்லை. எவ்வளவோ கேட்டுப் பார்த்துவிட்டேன், கோடை நெரிசல் என்று மறுத்துவிட்டார்கள். மாமன் சீர்ப் புடவையும் பட்டமும் ஆபீஸ் நண்பர் ஒருவர் மூலம் மெட்ராஸுக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் ஆளனுப்பிச் சேர்த்துவிடுவார். சம்பந்தியிடம் என் நிலைமையைச் சொல். அமலாவிடமும்.

ஏழுமலை


கல்கத்தா
9-5-1986

அன்புள்ள அண்ணிக்கு,

அன்னம் வணங்கி எழுதுவது. உங்களுக்கும் அமலாவுக்கும் எந்தக் குறையும் இல்லாமல் எல்லாம் நல்லபடி நடக்கக் காளிகாட்டில் வேண்டிக்கொண்டிருக்கிறேன். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

லீவு கிடைத்துவிட்டது அண்ணி. போன வாரமே கிடைத்துவிட்டது. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. தினமும் யூனிபாரம் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவையும் வாங்கிக்கொண்டு கிளம்புகிறார். லேக் கரையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்று பக்கத்து வீட்டு மாஷிமா வந்து சொன்னாள். நான் நம்பவில்லை. போய்ப் பார்த்தேன். டப்பாவைத் திறந்து காக்கைக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். கூப்பிடாமல் வந்துவிட்டேன்.

என்னையாவது பிள்ளைகளோடு அனுப்புங்கள் என்றேன். "நீ போனா, அவன் ஏன் வரலேன்னு கேப்பாங்க" என்கிறார். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது. நீங்கள் ஒரு தந்தி கொடுத்தால் வருவார் என்று நினைக்கிறேன். உங்கள் பேச்சை அவர் தட்டினதில்லை.

அன்னம்


திண்டிவனம்
25-5-1986

ஏழுமலைக்கு,

என் இரண்டு தந்தியும் உனக்குக் கிடைத்திருக்கும். கல்யாணம் முடிந்துவிட்டது.

சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினதும் சுந்தரவல்லி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். ஹௌராவில் வண்டி நகர்கிற வரை ஐயா கதவருகிலேயே நின்றாராம். டிக்கெட் பரிசோதகர் வந்து அந்தக் காலி இடத்தைக் கேட்டபோது, கரக்பூரில் ஆள் ஏறுவார் என்றாராம். கரக்பூர் போனதும் புவனேஸ்வர் என்றாராம். "எனக்குத் தெரிஞ்சவர்தான், வந்துடுவார்" என்று அந்தப் பரிசோதகரிடம் சொல்லிக்கொண்டே வந்தாராம். விஜயவாடா தாண்டிய பிறகுதான் அந்த அம்மாள் ஒரு பெட்டியைத் தூக்கி அந்த இடத்தில் வைத்தார்களாம்.

முகூர்த்தத்தில் ஐயர் 'தாய்மாமன் வாங்க' என்று கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். பெரியப்பா மகன் முனுசாமி, நான் கட்டுகிறேன் என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தான். அமலா தலையை ஆட்டிவிட்டாள். "எங்க மாமா வருவாரு" என்றாள். மணக்கோலத்தில் இருக்கிற பெண்ணை யார் அதட்டுவது? மேளக்காரரும் நிறுத்திவிட்டார். எல்லாரும் வாசலைப் பார்த்தோம். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நல்ல நேரம் போகிறது என்று ஐயர் அவசரப்படுத்தினார். நெற்றியில் ஒன்றும் இல்லாமலேயே அவளுக்குத் தாலி ஏறியது.

எனக்கு உன்மேல் கோபம் ஏழுமலை. மறைக்க மாட்டேன். அவர்களைத் தெரியாது என்று சொன்னது பயத்தில் ஒரு நொடியில் வந்த வார்த்தை. அதை அவர்களே மன்னித்துவிட்டார்கள். நீ வராமல் இருந்தது லேக் கரையில் உட்கார்ந்து நாள் நாளாக யோசித்துச் செய்தது. உனக்கு வெட்கம், சரி. அந்த வெட்கத்தை என் பெண் தலையிலா இறக்குவாய்?

நாளைக்கு அவர்களோடு அமலா கல்கத்தாவுக்குக் கிளம்புகிறாள். இனி அவளைப் பற்றி நான் எழுதித் தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் நீ இல்லை.

ஆண்டாள்


லேக் மார்க்கெட், கல்கத்தா
19-6-1986

அன்புள்ள மாமாவுக்கு,

அமலா நமஸ்காரத்துடன் எழுதுகிறேன். நாங்கள் எல்லாரும் நலம். அன்னம் அத்தையும் குழந்தைகளும் நலமா? ஒரே ஊரில், கால் மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு தபால்பெட்டியில் போடுகிறேன். அவர் பார்த்துச் சிரிக்கிறார்.

நேற்றுக் காலையில் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தேன். மாடி வீட்டு அண்ணி, நான் பௌதி என்று கூப்பிடுகிறவள், துணைக்கு வந்திருந்தாள். நீங்கள் எதிர்ப்பக்கம் அப்பளக் கடையில் நின்றிருந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுச் சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டீர்கள். கடைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டே இருந்தார், நீங்கள் வாங்கவில்லை. பௌதி அதைப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்க்காரர் மாதிரி இருக்காரே, தெரிஞ்சவரா?" என்று கேட்டாள். அவள் வங்காளத்தில் கேட்டது எனக்குப் புரிந்தது, அந்த அளவுக்குக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

உங்களைக் கூப்பிட்டால் சங்கடப்படுவீர்களே என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் என் வாய், 'இல்லை, தெரியாது' என்று சொல்லிவிட்டது.

மாமா, எனக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் ஸ்லேட் வாங்கிக் கொடுத்தவரைத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து கறிவேப்பிலையைக்கூடப் பையிலிருந்து எடுக்கவில்லை. மாமியார் என்னவென்று கேட்டார்கள். என்னால் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியவில்லை. அப்போதுதான் நினைத்தேன், நீங்கள் பிப்ரவரியிலிருந்து இப்படித்தானே இருக்கிறீர்கள் என்று. நான் ஒரு நாள் தாங்கவில்லை. நீங்கள் எப்படித் தாங்குகிறீர்கள்?

மாமியாரிடமும் மாமனாரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "போய்ப் பாத்துட்டு வாம்மா" என்றார் மாமனார். மாமியார் உங்களுக்கு எலுமிச்சை ஊறுகாய் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அவரும் வருகிறோம். அன்னம் அத்தையை விட்டு, மாமா வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லாதீர்கள். சொன்னால் படியிலேயே உட்கார்ந்துவிடுவேன், நான் ஆண்டாள் பெண். கதவை நீங்களே திறக்க வேண்டும். திறந்து, இவள் யார் என்று அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டும்.

உங்கள்
அமலா